தில்லிக்குச் சொன்னது

கிட்ட வாங்க கண்ணுகளா. அடுப்பைச் சின்னதா வெச்சிட்டு, போனைக் கவுத்துப் போட்டுட்டு உக்காருங்க. இன்னிக்கு ஒரே ஒரு சனிக்கிழமையோட கதை சொல்லப்போறேன். இதுல செத்துப்போன மனுஷர் ஒருத்தர் வருவார். பயப்படாதீங்க. அவர் யாரையும் ஒண்ணும் செய்யமாட்டார். ஷூவைக் கழட்டுவார், அவ்வளவுதான்.

போன வாரம் எங்கே விட்டோம்? புதுசா வந்தவங்களுக்காகவும் சொல்லிடறேன். புனேயில் பாணேர். உயரமான அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ஸ்ரீவத்சனின் வீடு. மும்பை ஹைகோர்ட்டில் நீதிபதி. வேண்டியவர்களுக்கு வச்சு. மனைவி பட்டு, மகள் தீப்தி. வாரம் முழுக்க மும்பையில் அரசாங்க ஜாகை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரேறி புனே.

அந்தக் காரில் எப்போதும் காசிமும் வருவார். அவரும் அதே கோர்ட்டில் நீதிபதி. மும்பையில் இரண்டு பேர் ஜாகையும் எதிரெதிர் வாசல்; காசிமின் மனைவி ஷீலாவும் அவ்வப்போது அங்கே வந்து இருப்பாள். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வச்சுவும் அவரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒரே நாளில் நீதிபதியாகப் பதவியேற்றார்கள். காசிம் முதலில் உறுதிமொழி படித்தார், வச்சு அடுத்துப் படித்தார். அந்த வரிசைப்படி காசிம்தான் மூத்தவர். பாணேரில் இறங்கி பட்டு கையால் ஒரு காபி குடித்துவிட்டு, லோஹேகாவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவார்.

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காசிம் போய்விட்டார். மாரடைப்பு.

இந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் வச்சுவுக்குத் தில்லியிலிருந்து போன். உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலி. அவருடைய பெயரைப் பேசப்போகிறார்கள், வர அவருக்குச் சம்மதமா? ஒரு நாள் டைம் கேட்டார் வச்சு. அங்கேதான் நிறுத்தினோம்.

*

பட்டு டிகாக்‌ஷனை ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் தொப்பென்று ஒரு ஷூ விழுந்தது.

அவள் கையை அப்படியே நிறுத்தினாள். இன்னொன்று விழ நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். காசிம் முக்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழட்டிவிட்டு, அன்று கோர்ட்டில் எந்த வக்கீல் எப்படி உளறினார் என்று முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த நாடாவை அவிழ்ப்பார்.

தொப். இரண்டாவது.

அவர் போன பிறகு இது எத்தனையோ வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டிருக்கிறது. விடிந்த பிறகு, பட்டப்பகலில் கேட்பது இன்றுதான். பட்டு எட்டிப் பார்க்கவில்லை. முதல் தடவை எட்டிப் பார்த்தபோது ஷூ ஸ்டாண்டில் தீப்தியின் செருப்பு மட்டும் இருந்தது. அந்த வெறும் முக்காலியை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"அம்மா, அப்பா இதுக்கு அப்ளை எப்போ பண்ணித்து?" தீப்தி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அவள் தமிழில் அப்பாவும் குக்கரும் ஒரே திணை.

"அப்பா பண்ணித்தா? பண்ணினார்னு சொல்லு. இதுக்கெல்லாம் அப்ளை கிடையாதுடீ."

"மத்லப்? அப்படின்னா இன்டர்வியூ?"

"அதுவும் கிடையாது. சீஃப் ஜஸ்டிஸும் அவருக்கு அடுத்த நாலு சீனியரும் உக்காந்து பேசுவா. யாரைக் கொண்டு வரலாம்னு. நம்ம ஹைகோர்ட்லேர்ந்து போய் அங்க இருக்கறவாகிட்ட, இவர் எப்படின்னு கேப்பா. அஞ்சு பேருக்கும் சரின்னா பேர் கவர்ன்மென்ட்டுக்குப் போகும். அவா விசாரிப்பா. பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பலாம். இவா மறுபடியும் அதே பேரை அனுப்பினா ஒத்துக்கணும்னு சட்டம். கடைசில ராஷ்ட்ரபதி கையெழுத்து."

"அரே, ஆஃபீஸ்ல டீம் லீட் போடறதுக்கே எங்களுக்கு நாலு ரவுண்டு. இதுல யாராவது ஒருத்தர் ஒண்ணு தப்பா சொல்லிட்டா?"

பட்டு சிரித்தாள். "சொன்னா போச்சு."

பால்கனியில் உட்கார்ந்திருந்த வச்சு திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பட்டு பார்த்துவிட்டாள். கண்ணுகளா, முப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளுக்கு ஒரு பார்வை போதும்.

தீப்தி கராடியில் இருக்கும் தன் ஆஃபீஸுக்குக் கிளம்பிப் போகிறவரைக்கும் பட்டு காத்திருந்தாள். சனிக்கிழமையும் ஏதோ ரிலீஸாம். கதவு சாத்தியதும் காபி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"தில்லிக்குப் போற மூஞ்சியா இது?"

"பட்டு, உக்காரு."

உட்கார்ந்தாள்.

"போன வருஷம் இதே மாதிரி ஒரு இடம் காலியாச்சே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் காசிம்னு நினைச்சோம்."

"வரலை. வேற யாரையோ போட்டா. மனுஷர் சிரிச்சுண்டே இருந்தார்."

"அதுக்கு முன்னாடி இங்க சிவாஜி நகர்ல ஒரு கல்யாணம். பெரியவர் வந்திருந்தார்."

பெரியவர் என்றால், மும்பையில் இவர்களுக்கெல்லாம் மூத்தவராக இருந்து தில்லிக்குப் போனவர். அந்த ஐந்து பேரில் ஒருத்தர். நேற்றுப் போன் பண்ணியவரும் அவர்தான்.

"தட்டோட பாஜி வாங்க நின்னுண்டிருந்தோம். காசிம் எப்படிய்யான்னு கேட்டார். அவரை மாதிரி தீர்ப்பு எழுத ஆள் இல்லைன்னேன். அது தெரியும், உடம்பு தாங்குமான்னு கேட்டார்."

"ம்."

"நெஞ்சு வலி இருக்கு, நாக்குக்கு அடில மாத்திரை வெச்சுக்கறார், யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன்."

பட்டு டம்ளரைப் பார்த்தாள். காபியில் ஏடு படிந்துகொண்டிருந்தது.

"பொய் சொல்லலை" என்றார் வச்சு. "ஆனா அதைச் சொல்றச்சே, அவருக்கு அடுத்தது என் பேர்னு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் சொன்னேனா, அது இல்லேன்னாலும் சொல்லியிருப்பேனா... அதை மட்டும் என்னால தீர்மானிக்க முடியலை. கோர்ட்ல உக்காந்தா இன்னும் இடது பக்கம் சாயறேன். அவர்கிட்ட ஏதோ கேக்கற மாதிரி. இப்ப பக்கத்துல உக்காரற புது ஜட்ஜ் பையன் பதறிப்போய்க் காதைக் குடுக்கறான்."

இரண்டு நீதிபதிகள் சேர்ந்து உட்காரும்போது ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கிசுகிசுவென்று பேசிக்கொள்வார்களே, அந்த வழக்கம். கீழே நிற்கும் வக்கீல் தன் கேஸ் போச்சென்று நினைப்பார். இவர்கள் பாதி நேரம் மத்தியானச் சாப்பாட்டைத்தான் பேசுவார்கள். அப்படி ஒரு நாள் காசிம் கிசுகிசுத்ததுதான் அந்த வலி. ஷீலாகிட்ட சொல்லிடாதே வச்சு, அவ என்னைப் படுக்கப்போட்டுடுவா, லீவு வரட்டும், நானே போய்ப் பெரிய டாக்டர்கிட்ட காட்டிக்கறேன் என்று.

"ஷீலாவுக்குத் தெரியுமா, நீங்க தில்லிக்குச் சொன்னது?"

"தெரியாது. அதான் அவளைப் பாக்கப் போறேன். அவ போன்னு சொன்னா போறேன். வேண்டாம்னா வேண்டாம்."

"நன்னா இருக்கு. ஆமாம்னு சொல்றதும் இல்லைன்னு சொல்றதும் அவ தலைலயா?"

வச்சு சட்டையை மாற்றப் போனார். பட்டு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவரைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசில்லை.

*

லோஹேகாவில் ஷீலாவின் வீடு விமானப்படை ஓடுபாதைக்குப் பக்கம். போர் விமானம் கிளம்பினால் அலமாரிக் கண்ணாடி அதிரும். பேசிக்கொண்டிருப்பவர்கள் அப்படியே நிறுத்தி, சத்தம் போன பிறகு விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். அந்த வீட்டுப் பேச்சுக்கு அதுதான் கமா, முற்றுப்புள்ளி.

ஷீலாவும் அதே கட்கியில் வளர்ந்தவள், அந்தோணியம்மாளின் பெண், கிறிஸ்துவ வீடு. அவளும் காசிமும் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் வச்சுவும் பட்டுவும். அதனால் வச்சு அவளுக்கு அண்ணன், பட்டு அண்ணி.

"வாங்க வச்சு அண்ணா. வாங்க அண்ணி. என்ன, சொல்லாம கொள்ளாம? இர்பான் இப்பதான் வெளிய போனான்." இர்பான் மகன். "அவலை நனைச்சுப் போஹே போடட்டா?"

"ஒண்ணும் வேண்டாம் ஷீலா, உக்காரு" என்றாள் பட்டு.

"துக்கம் விசாரிக்க வந்த மாதிரியே உக்காருறீங்க. அதெல்லாம் முடிஞ்சுது அண்ணி. ஜனங்க வர்றதும் நின்னுபோச்சு." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவரும் வர்றதில்ல. எல்லாரும் சொல்றாங்க, கனவுல வருவாரு, சத்தம் கேக்கும்னு. எனக்கு ஒண்ணும் கேக்கல. ப்ளேன் சத்தம்தான். கோவமா இருக்காரோ என்னவோ."

பட்டுவுக்குக் காலையில் விழுந்த இரண்டு ஷூவும் நெஞ்சில் விழுந்தன. கட்டினவள் வீட்டுக்கு வராத மனுஷர் என் வீட்டு வாசலுக்கு ஏன் வருகிறார்? இதை எப்படி இவளிடம் சொல்வது? உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வச்சு சொல்ல ஆரம்பித்தார். தில்லியிலிருந்து போன் வந்ததைச் சொன்னார்.

ஷீலாவின் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. "அதுக்கா இவ்ளோ நீட்டி முழக்குறீங்க? நல்ல சேதிதானே. அவரு இருந்தா உங்களை வம்புக்கு இழுத்தே சாகடிச்சிருப்பாரு."

"முழுசாக் கேளு ஷீலா."

கல்யாணத்தைச் சொன்னார். பெரியவர் கேட்டதைச் சொன்னார். தான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

விமானம் ஒன்று கிளம்பியது. கண்ணாடி அதிர்ந்தது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். சத்தம் வானத்தில் தேய்ந்து முடிந்தது.

"அவர் பேர் வராம போனது என்னாலதான்" என்றார் வச்சு.

"நெஞ்சு வலியா?"

"ஷீலா..."

"அவருக்கு நெஞ்சு வலி இருந்துதா? எப்பலேர்ந்து?"

இப்போதுதான் வச்சுவுக்கு உறைத்தது. கண்ணுகளா, இத்தனை நாள் அந்த மனுஷர் உருப்போட்டு வைத்திருந்ததெல்லாம் பெயர், பதவி, வரிசை. அதைச் சொல்லி அழ வந்தவர், இவளுக்கு இன்னும் தெரியாத ஒன்றைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். டாக்டர் சொல்லியிருப்பார், எப்படியும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"திடீர்னு வந்துதுன்னுதான் டாக்டர் சொன்னாரு" என்றாள் ஷீலா. "நானும் அப்பிடித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். திடீர்னு, திடீர்னுன்னு."

"அவர்தான் உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னார்."

"தில்லிக்குச் சொல்லலாம்னாரா?"

வச்சு தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கிட்ட மட்டும் அவரு சொன்னபடி காப்பாத்தினீங்க. தட்டுல சோத்தை வெச்சிக்கிட்டு அவங்ககிட்ட சொல்லத் தெரிஞ்சுது. மும்பையில எதுத்த வாசல் வச்சு அண்ணா. கதவைத் திறந்தா நான் நிப்பேன். உப்பு இல்லன்னா கேப்பீங்க, கொத்தமல்லி இல்லன்னா கேப்பீங்க."

அவள் சத்தம் போடவில்லை. சாமான் பட்டியல் மாதிரி சொன்னாள். பட்டுவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"தொப்பை போட்டிருச்சேன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பர்வதி மலைக்குக் கூட்டிட்டுப் போனேன் அண்ணி" என்று பட்டுவின் பக்கம் திரும்பினாள். "அத்தனை படியும் ஏத்துவேன். நடுவுல நின்னு ஊரைப் பாக்கலாம்பாரு. சாக்கு சொல்லாதீங்க நடங்கன்னு முதுகுல கை வெச்சுத் தள்ளுவேன். சிரிச்சுக்கிட்டே ஏறுவாரு. கடைசி ஞாயித்துக்கிழமையும் ஏறினாரு. மழை வேற. மறுநாள்தான்..."

பட்டு எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஷீலா தோளை விலக்கவில்லை, சாயவும் இல்லை.

"உனக்குத் தெரியாதே ஷீலா" என்றாள் பட்டு.

"தெரிஞ்சிருக்கலாமே."

மத்தியானம் அப்படியே போனது. பட்டு அடுப்படிக்குப் போய், என்ன இருக்கிறது என்று பார்த்து ஒரு ரசம் வைத்தாள். யாரும் சாப்பிடவில்லை. வச்சு நாற்காலியை விட்டு நகரவே இல்லை. கிளம்பலாமா என்று பட்டு கண்ணால் கேட்டாள். முடியாது என்று தலையை அசைத்தார்.

வெயில் சாய்ந்த பிறகு ஷீலாவே பேசினாள்.

"எத்தனை மணிக்குப் போன் பண்றேன்னாங்க?"

"இப்பத்தான். எந்த நிமிஷமும் வரலாம். நீ சொல்லு ஷீலா. நீ வேண்டாம்னா..."

"என் வாயால தீர்ப்பு வாங்கிட்டுப் போகப் பாக்காதீங்க." இப்போதுதான் அவள் குரலில் முதல் தடவையாக உஷ்ணம். "நான் போங்கன்னா, ஷீலா மன்னிச்சிட்டாள்னு சொல்லிக்கிட்டுப் போயிருவீங்க. வேணாம்னா, தண்டனை அனுபவிச்சாச்சுன்னு நிம்மதியா வீட்டுல உக்காந்துருவீங்க. ரெண்டும் உங்களுக்குச் சௌகரியம். எனக்கு என்ன இருக்கு அதுல?"

வச்சு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒண்ணு கேக்குறேன். அங்க போனா, நாளைக்கு உங்ககிட்டயும் வந்து கேப்பாங்கல்ல? இந்த ஆள் எப்படி, அந்த ஆள் எப்படின்னு?"

"கேப்பா."

"அந்த ஆளுக்கும் ஒரு வீடு இருக்கும்."

போன் அடித்தது.

டீப்பாய் மேல் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. வச்சு பட்டுவைப் பார்த்தார். பட்டு அவரைப் பார்க்கவில்லை. தில்லி வீடு எப்படி இருக்கும் என்று நேற்றுச் சாயங்காலம் ஒரு நிமிஷம் யோசித்தது அவளுக்கு ஞாபகம் வந்து கூசியது.

"எடுங்க" என்றாள் ஷீலா. "வெளிய போக வேணாம். இங்கயே பேசுங்க."

அவர் எடுத்தார். எழுந்து நின்றே பேசினார். இங்கிலீஷில்தான். பட்டுவுக்குப் புரிந்தது இவ்வளவு:

வணக்கம் சொன்னார். பெரியவர் ஏதோ கேட்டார். அதற்கு வச்சு, என் சம்மதத்தைக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். காசிமைப் பற்றி அன்று நான் சொன்னது நிஜம், ஆனால் சொல்ல எனக்கு உரிமை இல்லாத நிஜம். ரகசியமாக வைத்துக்கொள் என்று என்னை நம்பிச் சொன்னதை, அவர் பெயர் விழுந்தால் என் பெயர் மேலே போகும் என்று தெரிந்த நிலைமையில் உங்களிடம் சொன்னேன். அவரையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இதை மற்றவர்களிடமும் நீங்கள் சொல்ல வேண்டும். தெரிந்த பிறகும் என் பெயர் வேண்டுமென்றால், சம்மதம்.

போன் கட்டாகிவிட்டதோ என்று வச்சு திரையைப் பார்த்தார். கட்டாகவில்லை.

பிறகு பெரியவரின் குரல் மெதுவாக, இப்போது தமிழில், கேட்டது. "அன்னிக்கு நான் கேட்டிருக்கவே கூடாது ஸ்ரீவத்சன். தட்டை வெச்சுண்டு." கொஞ்சம் நிறுத்தினார். "மத்த நாலு பேர்கிட்டயும் சொல்றேன். என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும் சார்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள்.

போகப்போகிறாரா, இல்லையா? அவர் பெயர் அந்த ஐந்து பேர் மேஜைக்குப் போகுமா, போகிற வழியிலேயே விழுந்துவிடுமா? அன்று சாயங்காலம் வச்சுவுக்கே தெரியாது. நான் மட்டும் எப்படிச் சொல்ல?

பட்டு கைப்பையை எடுத்தாள். வச்சு வாசல் பக்கம் நகர்ந்தார். ஒரு மன்னிப்பு, இல்லாவிட்டால் ஒரு ஏச்சு, ஏதாவது ஒன்று வரும் என்று அவர் முதுகு காத்திருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் ஷீலா.

லைட்டைப் போட்டாள். சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியைத் தன் நாற்காலிக்கு நேர் எதிரே திருப்பிப் போட்டாள்.

"உக்காருங்க வச்சு அண்ணா. தில்லிக்குச் சொன்னாச்சு. இனிமே எனக்குச் சொல்லுங்க. முதல்ல எப்ப வலிச்சுது அவருக்கு? எந்தப் பக்கம்? என்ன வார்த்தை சொன்னாரு? ஒண்ணையும் விடாம சொல்லுங்க. நான் நடுவுல நிறுத்துவேன், கேள்வி கேப்பேன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க."

மேலே ஏறி உட்கார்ந்து இத்தனை வருஷம் சாட்சிகளைக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷர், அந்த மர நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். காசிமின் ஷூ ஏன் தன் வீட்டு வாசலில் விழுகிறது என்று பட்டுவுக்கு இப்போது புரிந்தது: இவளுக்குச் சேர வேண்டிய வார்த்தை அங்கேதான் தங்கியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"முதல் தடவை... ஒரு நிலத் தகராறு கேஸ் நடந்துண்டிருந்தது. ஃபைலை மூஞ்சிக்கு நேரே பிடிச்சுண்டு, வச்சு, இங்க யாரோ உக்காந்துண்டு அழுத்தற மாதிரி இருக்குடான்னார்..."

"எங்க? கையை வெச்சுக் காட்டுங்க."

காட்டினார்.

ஷீலா தன் நெஞ்சில் அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டாள். "ம். அப்புறம்?"

விமானம் ஒன்று கிளம்பியது. அவர் நிறுத்தினார். அவள் காத்திருந்தாள்.

கண்ணுகளா, இன்னிக்கு இவ்வளவு போதும், எழுந்திருங்க, வீட்டில் தேடுவாங்க. உங்க வீட்டில் யாருக்கு எங்கே வலிச்சாலும் அது ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியட்டும். உங்க வீட்டு மனுஷங்களைப் பத்திக் கேக்கறவங்க, உங்க வாசலுக்கு வந்து உங்களையே கேக்கட்டும். படியேறிப் போனவங்க எல்லாரும் பத்திரமா இறங்கி வந்து, உங்க அடுப்படி வெளிச்சத்தில் உக்காந்து சூடா சாப்பிடட்டும். நல்லா இருங்க.